மாற்றியமைத்த பழைய வேகக் காரை விற்பதும் வாங்குவதும்: புதுச்சேரி, கடலூர் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆல்ட்டோவுக்கும் ஸ்விஃப்ட்டுக்கும் ஊரறிந்த விலை உண்டு. எந்த ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர் என்று சொன்னால் போதும், புதுச்சேரி 100 அடி சாலையில் எந்தத் தரகரும் காரைப் பார்க்காமலே ஒரு தொகை சொல்லிவிடுவார். சைலன்சர் முதல் ஸ்பிரிங் வரை மாற்றிய பழைய டர்போ கார் ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்தினால் அதே தரகர் தலையைச் சொறிவார். கீழே உள்ள கேள்விகள் எல்லாம் அந்தத் தயக்கத்திலிருந்து பிறந்தவை.

காரில் மூன்று லட்சம் ரூபாய்க்கு வேலை செய்திருக்கிறேன். விற்கும்போது அதில் எவ்வளவு திரும்பும்?

ஒன்றும் திரும்பாது என்று வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குங்கள். உங்கள் ரசனைக்கு நீங்கள் செலவழித்தீர்கள். வாங்க வருபவருக்கு வேறு ரசனை இருக்கும். உங்களுக்குப் பிடித்த ஓசை அவருடைய மனைவிக்குத் தலைவலியாக இருக்கும். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ரீமேப் செய்த, அதாவது சக்தியைக் கூட்ட என்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றிய கார் என்றதும் வாங்குபவர் "எத்தனை குதிரைத்திறன்?" என்று வாயால் கேட்பார், மனத்துக்குள் கேட்பது "இதை எப்படியெல்லாம் விரட்டியிருப்பார்கள்?" என்பதுதான். விலையைத் தீர்மானிப்பது அந்த இரண்டாவது கேள்வி.

மாற்றியமைத்த காரின் விலையைத் தாங்கிப் பிடிப்பது ஒன்றே ஒன்று: அதைக் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குத் திருப்ப முடியுமா என்பது. கழற்றிய சைலன்சர், ஏர் ஃபில்டர் பெட்டி, ஸ்பிரிங்குகள், வீல்கள், ஸ்டியரிங், முன்விளக்குகள் எல்லாம் வீட்டுப் பரணில் இருந்தால், மாற்றாத காரின் விலைக்கு அருகில் போகலாம். அவை எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன என்றால், அவற்றைத் தேடும் அலைச்சலுக்கும் சேர்த்து வாங்குபவர் கழித்துக்கொள்வார். பழைய பாகங்களைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

எந்தெந்தக் கார்களை மனத்தில் வைத்து இதைச் சொல்கிறீர்கள்?

1990களின் கடைசியிலிருந்து 2010களின் நடுப்பகுதி வரை இந்தியாவில் விற்ற, ஓட்டுவதற்கென்றே வாங்கப்பட்ட பெட்ரோல் கார்கள். 1998 முதல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தன் திருவள்ளூர் ஆலையில் தயாரித்த மிட்சுபிஷி லான்சர், 1999-இல் வந்த முதல் பலேனோ, 106 குதிரைத்திறன் கொண்ட ஹோண்டா சிட்டி 1.5 விடெக், 2001-இல் வந்த ஃபியட் பாலியோ 1.6, ஃபோர்டின் ஐகான் 1.6, ஃபியஸ்டா 1.6 எஸ் ஆகியவை மூத்த தலைமுறை. டர்போ பக்கம், 2004-இல் 150 குதிரைத்திறனோடு இறங்கிய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்., அதன் பின் லீனியா டி-ஜெட், லாரா ஆர்.எஸ்., 2013-இல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., 2015-இல் வந்த 145 குதிரைத்திறன் அபார்த் புன்டோ.

இந்தப் பட்டியலைப் பாகம் கிடைக்கும் கண்ணோடு மறுபடி பாருங்கள். மிட்சுபிஷியும் ஃபியட்டும் இன்று இங்கே கார் விற்பதில்லை. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையிலிருந்து கடைசிக் கார் 2022-இல் வெளியேறியது. போலோ உற்பத்தியும் அதே ஆண்டில் நின்றது. உற்பத்தி நின்ற காரின் கம்பெனிப் பாகம் ஒவ்வொன்றும் சற்றே அரிய பொருள். பரணைப் பற்றி நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

காரை மாற்றியமைப்பது சட்டப்படி குற்றமா?

பல மாற்றங்கள் குற்றம்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்துத் தந்த விவரங்களிலிருந்து வாகனம் விலகும்படி மாற்றக் கூடாது என்கிறது. இதையே 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில், உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு சட்டத்திருத்தத்தில் சேர்ந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "ஒவ்வொன்றுக்கும்" என்பதைக் கவனியுங்கள். சைலன்சர், ஹெட்லைட், பம்பர் என்று எண்ணிக்கொண்டே போகலாம்.

நடைமுறையில் மாற்றங்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். டயர், பிரேக் பேட், நல்ல ஷாக் அப்சார்பர், இசைக் கருவி போன்றவற்றால் பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை. அதிலும் டயரின் மொத்த விட்டம் மாறினால் ஸ்பீடோமீட்டரும் ஓடிய கிலோமீட்டரும் தவறாகக் காட்டும் என்பதை மறக்க வேண்டாம். வண்ணம், எரிபொருள் வகை, என்ஜின், உடலமைப்பு ஆகியவை ஆர்.சி.யில் ஏறியிருப்பவை, இவற்றைத் தொட்டால் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி பதிவு செய்தாக வேண்டும். எஞ்சியவை, அதாவது புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது, காதைப் பிளக்கும் சைலன்சர், எதிரே வருபவரைக் குருடாக்கும் விளக்கு, கறுப்பு ஃபிலிம் ஆகியவை, எந்தப் படிவத்தாலும் நியாயமாவதில்லை.

எந்த விதத்திலும் சட்டத்தை ஏய்க்க வழி கேட்டு எழுத வேண்டாம். ஒயிட் டவுன் தெருக்களில் இரவு பத்து மணிக்கு டவுன்பைப், அதாவது டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய், மாற்றிய ஒரு கார் போனால் எத்தனை வீட்டு ஜன்னல்கள் அதிரும் என்று எனக்குத் தெரியும்.

என்ஜினையே மாற்றிய கார் ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

முதலில் என்ஜினில் பொறித்த எண்ணையும் ஆர்.சி.யில் உள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் பேச்சைத் தொடரலாம். ஒத்துப்போகவில்லை, ஆனால் மாற்றத்துக்கு முன் அனுமதி பெற்றதற்கும் ஆர்.சி.யில் ஏற்றியதற்கும் காகிதம் இருக்கிறது என்றாலும் தொடரலாம். இரண்டும் இல்லையென்றால், என்ஜின் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் அது கார் இல்லை, பாகங்களின் மூட்டை. பாக விலைக்குக் கிடைத்தால் வேண்டுமானால் யோசியுங்கள். பதிவைப் புதுப்பிக்கும் ஆய்வில் அது நிற்கும், விபத்தில் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கும். அந்த என்ஜின் ஒரு திருட்டு வண்டியிலிருந்து வந்ததாக இருந்தால் நடப்பதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

ரீமேப் விலையைக் கூட்டுமா, குறைக்குமா?

பெரும்பாலும் குறைக்கும், ஆனால் எவ்வளவு என்பது காரைப் பொறுத்தது. ஆக்டேவியா ஆர்.எஸ்.ஸில் இருப்பது மானுவல் கியர்பாக்ஸ், இரும்பு பிளாக் கொண்ட 1.8 டர்போ. அளவான ரீமேப்பை அது பொதுவாகத் தாங்கும் என்பது அந்தக் காரை அறிந்தவர்களுக்குத் தெரியும், ஆகவே அவர்கள் மிரளுவதில்லை. போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. கதை வேறு. அதில் உள்ள ஏழு கியர் டி.எஸ்.ஜி. என்ற தானியங்கிக் கியர்பாக்ஸ் உலர் கிளட்ச் வகை. 250 நியூட்டன் மீட்டர் வரையிலான முறுக்குவிசைக்கு வடிவமைக்கப்பட்டது. கம்பெனி நிலையில் அந்த என்ஜின் தருவது 175. இடையே இடம் இருப்பதுபோல் தோன்றும்தான். ஆனால் ரீமேப் இல்லாமலேயே, கியர் மாற்றத்தை இயக்கும் மெக்கட்ரானிக் பகுதியின் பழுதுக்குப் பெயர்போன பெட்டி அது, பழுதானால் பில் கனமானது. ரீமேப் செய்த டி.எஸ்.ஜி. என்றாலே வாங்குபவர் அந்தப் பில்லை மனத்துக்குள் ஒருமுறை கட்டிவிட்டுத்தான் விலை பேசத் தொடங்குவார்.

டர்போ இல்லாத சிட்டி, பாலியோ போன்றவற்றில் ரீமேப்பால் கூடுவது சொற்பம். அதற்கு யாரும் ஒரு ரூபாய்கூடக் கூட்டித் தர மாட்டார்கள்.

விற்பதற்கு முன் கம்பெனி மென்பொருளைத் திரும்ப ஏற்றிவிடுங்கள், ஏற்றியதைச் சொல்லியும் விடுங்கள். மறைத்தால் தெரியாது என்று நினைப்பது வீண். டீலர் கணினியில் பல நேரம் தெரியும். சொல்லாமல் விட்டது தெரிந்தபின் நீங்கள் சொன்ன கிலோமீட்டரையும் நம்ப மாட்டார்கள்.

என்னுடையது பி.ஒய். எண். கடலூரில் விற்றால் விலை குறையுமா?

குறையும். எவ்வளவு என்று கணக்கிடவும் முடியும் என்பதுதான் இதில் ஆறுதல்.

புதுச்சேரியில் பதிவான பி.ஒய்.-01 கார் முள்ளோடை எல்லையைத் தாண்டி டி.என்.-31 எண்ணுள்ள கடலூரில் நிரந்தரமாகத் தங்கினால் அது வேற்று மாநில வண்டி. பதிவான மாநிலத்துக்கு வெளியே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதிய எண் வாங்க வேண்டும் என்பது சட்டத்தின் 47-ஆவது பிரிவு. அதற்குப் படிவம் 28-இல் விண்ணப்பித்துப் புதுச்சேரியிலிருந்து என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். கடன் இருந்தால் முதலில் படிவம் 35 கொண்டு அதை நீக்க வேண்டும். பின்பு தமிழகத்தில் காரின் விலையையும் வயதையும் பொறுத்து வரி கட்ட வேண்டும். தமிழகத்தில் புதிய கார்களுக்கான ஆயுள் வரி 2023-இல் உயர்ந்தது முதல், 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம். பழைய காருக்கு வயதுக்கேற்பக் குறையும் என்றாலும் சும்மா விடும் தொகை இல்லை. கடலூர்க்காரர் உங்கள் விலையிலிருந்து இதைத்தான் கழிப்பார். கழிக்கட்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்பே விசாரித்துத் தொகையை நீங்களே கையில் வைத்திருந்தால், அவர் இரண்டு மடங்காகச் சொல்லும்போது நிறுத்தலாம்.

இன்னொரு சங்கதி. வரி குறைவு என்பதற்காக வெளியூர்க்காரர்கள் புதுச்சேரி முகவரியில் கார் பதிவு செய்வது பழைய வழக்கம். 2017-இல் கேரளத்தில் இது பெரிய விவகாரமாகி, போலி முகவரி கொடுத்ததாகச் சில திரைப் பிரபலங்கள் மீதே வழக்கு பாய்ந்தது. அன்றிலிருந்து விவரமானவர்கள் பி.ஒய். எண்ணைப் பார்த்தால் முகவரியையும் பார்க்கிறார்கள். ஆர்.சி.யில் உள்ள முத்தியால்பேட்டை வீட்டில் உண்மையிலேயே நீங்கள் குடியிருந்தால், அதற்கான சான்றைக் காட்டத் தயங்காதீர்கள்.

டில்லியிலிருந்து வந்த கார் மலிவாகக் கிடைக்கிறதே?

தலைநகர்ப் பகுதியில் பத்து ஆண்டு கடந்த டீசல், பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்கு வந்த கட்டுப்பாட்டுக்குப் பிறகு, நல்ல கார்கள் பல அங்கிருந்து தெற்கே நகர்ந்தன. ஓட்டுபவர்களுக்கு அது வாய்ப்புதான், கடலோர உப்பு படாத உடல் வேறு. என்.ஓ.சி. கையில் இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். "பின்னால் வந்துவிடும்" என்பவரிடம் பணத்தையும் பின்னால் தருவதாகச் சொல்லுங்கள்.

காருக்குப் பதினைந்து ஆண்டு முடியப்போகிறது. புதுப்பித்துவிட்டு விற்கவா, அப்படியே விற்கவா?

புதுப்பித்துவிட்டு விற்பதே நல்லது. சொந்தக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுக்கு. அதற்குப் பிறகு படிவம் 25 கொடுத்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் இதற்கான மத்திய அரசுக் கட்டணம் 5,000 ரூபாய். இருபது ஆண்டு கடந்த காருக்கு 2025 ஆகஸ்டு அறிவிப்பின்படி 10,000. இவற்றோடு தமிழகத்தில் பசுமை வரியும் உண்டு. இந்தத் தொகையைவிட வாங்குபவரை அதிகம் அச்சுறுத்துவது ஆய்வுதான். மாற்றியமைத்த கார் அந்த ஆய்வில் தேறுமா என்ற சந்தேகத்துக்கு அவர் கழிக்கும் தொகை, கட்டணத்தைப் போலப் பல மடங்கு. பரணில் இருப்பதை எல்லாம் மாட்டி, ஆய்வை முடித்து, ஐந்து ஆண்டு செல்லுபடியாகும் ஆர்.சி.யோடு விளம்பரம் கொடுங்கள். கார் கம்பெனி நிலையில் ஆய்வு தாண்டியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

கடற்கரை ஊர்க் கார், அதுவும் வெள்ளம் வந்த ஊர் என்று வெளியூர்க்காரர்கள் பயப்படுகிறார்கள். நியாயமா?

நியாயம்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரை கடந்தது. 2015 மழையில் கடலூர் மாவட்டம் மூழ்கியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீரோடு தென்பெண்ணை பெருகிக் கடலூரின் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. இந்த நாட்களில் உங்கள் கார் எங்கே நின்றது என்பது கோயம்புத்தூரிலிருந்து தொலைபேசியில் பேசுபவர் கேட்கும் நேர்மையான கேள்வி. மேட்டில் நின்றதென்றால் அன்றைய புகைப்படம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். நீர் புகுந்தது என்றால் எந்த உயரம் வரை, என்ன மாற்றினீர்கள், காப்பீட்டில் கோரினீர்களா என்று சொல்லிவிடுங்கள்.

வாங்குபவராகப் பார்ப்பதென்றால், சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் கதை முடிந்தது. தரைவிரிப்பைத் தூக்கி அடியில் உள்ள நுரைப் பகுதியைத் தொட்டுப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஒயரிங் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா? இருக்கையைத் தாங்கும் போல்ட்டுகள் துருப்பிடித்து, ஸ்பேனர் பட்ட தடம் தெரிகிறதா?

உப்புக்காற்று வெள்ளத்தைவிட மெதுவாக வேலை செய்யும். தேவனாம்பட்டினத்திலோ குருசுக்குப்பத்திலோ ஆண்டுக்கணக்கில் வெளியில் நின்ற கார் வெளிப்பார்வைக்குப் பளபளக்கும். ஸ்டெப்னிக்கு அடியில், கதவின் கீழ் விளிம்பில், பின் சக்கர வளைவின் உட்புறத்தில், முன் சப்ஃபிரேமில் பார்க்க வேண்டும். இங்கே ஸ்பிரிங்கை மாற்றித் தரையோடு நெருங்கத் தாழ்த்திய கார்களுக்கு ஒரு தனிக் கேடு உண்டு. காலாப்பட்டு வரை போய்வந்தால் வேகத்தடைகள் அடிப்பகுதிப் பூச்சைச் சுரண்டிவிடும். சுரண்டிய இடத்தில் உப்பு உட்காரும். லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் தாழ்த்திய கடலோரக் காரை வாங்குவது எனக்குப் புரியாத துணிச்சல்.

தாழ்த்தியதில் வித்தியாசம் பார்ப்பார்களா?

கட்டாயம் பார்ப்பார்கள். கம்பெனி ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய கார் என்றால் விவரம் தெரிந்தவர் பேச்சையே நிறுத்திவிடுவார். அந்தக் காரில் வேறு எதை எல்லாம் சிக்கனமாகச் செய்திருப்பார்கள் என்று அவருக்குப் புரிந்துவிடும். பெயர்பெற்ற நிறுவனத்தின் ஸ்பிரிங்கோ, உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுப்பான காயிலோவரோ என்றால் பயப்பட மாட்டார், ஆனால் கூட்டித் தரவும் மாட்டார்.

பாகங்களைக் கழற்றித் தனியாக விற்பது நல்லதா?

பெரும்பாலும் ஆம். காருக்கு ஆள் தேடுவது கடினம், அலாய் வீலுக்கு ஆள் தேடுவது எளிது. அதே மாடல் வைத்திருப்பவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்குக் காயிலோவர், பெரிய பிரேக், இருக்கை, இன்டர்கூலர் எல்லாம் பார்சலில் போகும். காரோடு சேர்த்துக் கொடுத்தால் இவற்றுக்குத் தனி மதிப்பே கிடைக்காது.

கழற்றக் கூடாதவையும் உண்டு. உள்ளே புதைந்தவை, அதாவது கிளட்ச், லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல், வலுவான என்ஜின் மவுண்ட் போன்றவை, கழற்றும் கூலியிலேயே லாபத்தைத் தின்றுவிடும். ஒயரிங்கை வெட்டிப் பொருத்தியவற்றைக் கழற்றினால் வெட்டிய இடம் பல்லிளிக்கும். அவற்றைக் காரிலேயே விட்டு, பில்லை மட்டும் கோப்பில் வையுங்கள்.

சரி, விலையை எப்படித்தான் நிர்ணயிப்பது?

அதே ஆண்டு, அதே மாடல், மாற்றாத நல்ல கார் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலை வேறு, கைமாறும் விலை வேறு. அதிலிருந்து இல்லாத கம்பெனிப் பாகங்களின் விலையைக் கழியுங்கள். செய்ய வேண்டிய பராமரிப்பைக் கழியுங்கள். ஆக்டேவியா 1.8 டர்போ, டி-ஜெட், சிட்டி விடெக் எல்லாம் டைமிங் பெல்ட் என்ஜின்கள். பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

உதாரணத்துக்கு, மாற்றாத கார் 4 லட்சத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் கம்பெனி சைலன்சரும் ஸ்பிரிங்கும் இல்லை, அதற்கு 40,000. டைமிங் பெல்ட், கிளட்ச், டயர் என்று 60,000. கார் நிற்கும் இடம் 3 லட்சம். பேரத்துக்காகக் கொஞ்சம் ஏற்றிச் சொல்லலாம். ஆனால் "இதில் மூன்று லட்சத்துக்கு வேலை செய்திருக்கிறேன், ஆகவே ஏழு" என்று தொடங்கினால் நல்ல வாடிக்கையாளர் திரும்ப அழைக்க மாட்டார்.

உள்ளூர்த் தரகர் இதைவிடக் குறைத்துத்தான் கேட்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஆர்.எஸ்.-ஐ நிறுத்தி வைத்தால் அதற்கு ஆள் வர மாதக்கணக்கு ஆகும். விற்றால் கிடைக்கும் லாபத்துக்கு, பதிவுபெற்ற வியாபாரி என்றால், 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. தனியாள் தனியாளுக்கு விற்றால் அந்த வரி இல்லை. இந்தக் கார்களுக்கான ஆட்கள் சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர் பக்கம்தான் அதிகம். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை மூன்று மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களை வரச் சொல்லுங்கள், மெக்கானிக்கையும் அழைத்து வரச் சொல்லுங்கள்.

என்னென்ன காகிதங்கள் விலைக்கு உதவும்?

சர்வீஸ் பில்கள்தான் முதலில், அதுவும் ஆயில் மாற்றிய பில்கள். டர்போ என்ஜினுக்கு எந்த ஆயில், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பதைப் படித்தே வாங்குபவர் உங்கள் குணத்தை எடைபோட்டுவிடுவார். பொருத்திய பாகங்களின் பில், யார் பொருத்தினார் என்ற விவரம், ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்றிதழ், இரண்டு சாவிகள். என்ஜின் சக்தியை அளந்து தரும் டைனோ தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாலும் அது விலைக்கு உதவாது.

காப்பீட்டில் ஐ.டி.வி., அதாவது காப்பீடு செய்த மதிப்பு, இவ்வளவு என்று போட்டிருக்கிறதே, அதுதானே காரின் விலை?

இல்லை. ஐந்து ஆண்டு வரை தேய்மானத்துக்கு அட்டவணை உண்டு. நான்கிலிருந்து ஐந்து ஆண்டு காருக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். அதற்கு மேல் நிறுவனமும் நீங்களும் ஒப்புக்கொள்ளும் தொகைதான் ஐ.டி.வி. பாலிசியில் சொல்லாத மாற்றங்களுக்கு இழப்பீடு எதிர்பார்க்க வேண்டாம். அந்த மாற்றமே விபத்துக்குக் காரணம் என்று தோன்றினால் மொத்தக் கோரிக்கையிலும் வில்லங்கம் வரும். விற்கும்போது உங்கள் நோ கிளைம் போனஸ் காரோடு போகாது. அதற்கான கடிதத்தை நிறுவனத்திடம் வாங்கி வைத்தால் அடுத்த காருக்கு மூன்று ஆண்டுக்குள் பயன்படுத்தலாம்.

வாங்கப் போகிறேன். ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ச் சேருங்கள். நீங்கள் வருவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லலாம். ஸ்டார்ட் செய்ததும் வரும் சத்தத்தைக் கேளுங்கள். சில நிமிடம் ஐடிலில் விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தினால் நீலப் புகை வருகிறதா என்று ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பாருங்கள். வந்தால் டர்போ சீலோ வால்வு சீலோ போயிருக்கிறது. நான்காம் கியரில் மெதுவாகப் போகும்போது முழுதாக மிதியுங்கள். சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கு வேகமாக மாற்றும்போது கரகரத்தால், முந்தைய ஓனர் எப்படி ஓட்டினார் என்று கியர்பாக்ஸே சொல்லிவிட்டது.

போலோ போன்ற பிற்காலக் கார்களில் ஸ்கேனர் மாட்டுங்கள். பழுதுக் குறியீடு எதுவும் இல்லை, ஆனால் சுயசோதனைகள் எல்லாம் முடியாத நிலையில் காட்டுகிறது என்றால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் யாரோ அழித்திருக்கிறார்கள். கம்ப்ரஷன் சோதனைக்குச் சில நூறு ரூபாய் கேட்பார்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கிறாரா என்பதே பாதி விடை. டயர்கள் உட்புறம் மட்டும் தேய்ந்திருந்தால் தாழ்த்தியபின் அலைன்மென்ட் பார்க்கவில்லை. பானட்டைத் திறந்து, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒயர்கள் எத்தனை என்று பாருங்கள். மோசமான வேலைக்கு அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

இருபது சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய கார்களைக் கெடுக்குமா?

மேலே பட்டியலிட்ட கார்கள் எதுவும் அந்தக் கலவைக்காக வடிவமைத்தவை இல்லை. எரிபொருள் குழாய்கள், ரப்பர் சீல்கள், பம்ப் ஆகியவற்றை எத்தனாலுக்குத் தாங்கும் வகையில் மாற்றியிருந்தால், மொத்தக் காரிலும் விலைக்கு உண்மையாகவே உதவும் ஒரு சில மாற்றங்களில் அது ஒன்று. பழைய பெட்ரோலுக்கு ரீமேப் செய்த காரில், கலவை மாறிய பிறகு மறுபடி சரிபார்த்தார்களா என்று கேளுங்கள்.

வைத்திருந்தால் விலை ஏறுமா? விண்டேஜ் ஆகுமே?

2021 விதிகளின்படி விண்டேஜ் என்று பதிவு செய்ய ஐம்பது ஆண்டு ஆக வேண்டும், பெரிதாக மாற்றியமைக்காததாகவும் இருக்க வேண்டும். 2004 ஆக்டேவியா ஆர்.எஸ்.ஸுக்கு அந்தத் தகுதி 2054-இல். மாற்றியிருந்தால் அப்போதும் இல்லை. அதற்கு முன்பே ஆர்வலர்களிடம் சில மாடல்களுக்கு மதிப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் கூடுவது கம்பெனி பெயின்ட், கம்பெனி வீல், முழு சர்வீஸ் வரலாறு உள்ள கார்களுக்கு. வாடகை நிறுத்துமிடத்தில் உப்புக்காற்றில் நிறுத்தி, விலை ஏறும் என்று காத்திருப்பவரின் காரைத் துரு முந்திக்கொள்ளும்.

விற்றுவிட்டேன். இனி என்ன செய்ய வேண்டும்?

படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, வாங்குபவர் பெயர், தேதி, நேரம் நிரப்பிய நிலையில் மட்டுமே கொடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்கும் வழக்கம் இரண்டு ஊர்களிலும் உண்டு, ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் பதினான்கு நாளுக்குள் நீங்கள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் முப்பது நாளுக்குள். பெயர் மாறாத கார் விபத்து செய்தால் பதிவேட்டில் உள்ள உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. வேகக் காரைப் புதிதாக வாங்கியவர் முதல் வாரத்தில் எப்படி ஓட்டுவார் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே பெயர் மாற்றம் முடியும் வரை ஒரு தொகையை நிறுத்தி வைப்பதாக எழுதிக்கொள்ளலாம், வாங்குபவர் பெரும்பாலும் மறுப்பதில்லை. ஃபாஸ்டேகை அன்றே முடக்கிவிட்டு, நிலுவையில் உள்ள இ-சலான்களை இணையத்தில் பார்த்துக் கட்டி, காரை ஒப்படைத்த நேரத்தில் ஓடோமீட்டரைப் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.